முதல் மணி நேர நிபுணன்

கணினி விளையாட்டுகளைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு இருக்கும் ஒரே தகுதி, அவற்றில் ஒன்றைக்கூட முழுதாக ஆடி முடித்ததில்லை என்பதுதான். ஒரே நிறக் கற்களை மூன்று மூன்றாகச் சேர்ப்பது, உருண்டு வரும் குண்டுகளைச் சுட்டு உடைப்பது, எழுத்துகளைக் கோத்துச் சொல் பிடிப்பது, கலைந்து கிடக்கும் பரணில் ஒளிந்திருக்கும் சாவியைத் தேடுவது என்று, இணையத்திலிருந்து இறக்கி வைத்துக்கொண்டு ஆடுகிற புதிர் ஆட்டங்கள் எல்லாவற்றிலும் முதல் 60 நிமிடத்துக்கு என்னைவிட்டால் ஆள் கிடையாது. அதற்கு மேல் என்ன வரும் என்று கேட்டால், இடைவேளையோடு தியேட்டரைவிட்டு வந்தவனிடம் கிளைமாக்ஸ் கேட்டது மாதிரிதான்.

இதற்கு என் சோம்பல் பாதிக் காரணம். மீதி, அந்தக் காலத்து வியாபார முறை. 2000-களில் இந்த ஆட்டங்களை வீட்டுக் கணினிகளுக்குக் கொண்டுவந்த நிறுவனங்களில் பாப்கேப், பிக் ஃபிஷ் கேம்ஸ் இரண்டும் முக்கியமானவை. இரண்டுமே அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக் கம்பெனிகள். முதலாவது 2000-இல் தொடங்கியது, இரண்டாவது 2002-இல். ஆட்டத்தை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், ஒரு மணி நேரம் ஆடிப் பார்க்கலாம், பிடித்தால் வாங்கலாம். விலை பெரும்பாலும் 20 டாலர். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 900 ரூபாய். ஒளிவுமறைவு இல்லாத ஏற்பாடு. எனக்கு அதில் ‘ஒரு மணி நேரம் இலவசம்’ என்ற பகுதி மட்டும் நன்றாகப் புரிந்தது.

கையில் கிரெடிட் கார்டு இல்லை என்று முதலில் சொல்லிக்கொண்டேன். கார்டு வந்த பிறகு, அதை இணையத்தில் கொடுத்தால் பணம் திருடு போய்விடும் என்றேன். அதே கார்டில் ரயில் டிக்கெட் எடுக்கத் தொடங்கிய பிறகு சொல்ல ஒன்றும் இல்லாததால், யாரும் கேட்காதவரை சும்மா இருந்துவிட்டேன்.

அந்த இலவச ஒரு மணி நேரமும் சும்மா கிடைத்துவிடவில்லை. தொலைபேசி வயரில் ஓடுகிற இணைப்பு எங்கள் வீட்டில். 10 எம்பி ஆட்டம் ஒன்று வந்து இறங்க முக்கால் மணி நேரம். அதற்குள் சமையலறைப் பக்கத்திலிருந்து யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் முடிந்தது கதை, மறுபடி முதலிலிருந்து. ஒரு மணி நேரம் ஆட ஒரு மணி நேரம் காவல் இருப்பது நியாயமான கணக்காகவே அப்போது பட்டது. தொலைபேசிக் கட்டணம் ஏன் ஏறியது என்று அப்பா விசாரித்தபோது, அலுவலக விஷயமாகச் சில தகவல்கள் தேவைப்பட்டன என்றேன். அந்தத் தகவல்களில் ஒன்று, கல் தவளை எப்படிக் குண்டு துப்பும் என்பது.

கொடுத்த மணி நேரத்தை நீட்டுவதற்கு நான் செய்த முயற்சிகளை ஆட்டத்தில் காட்டியிருந்தால் எங்கோ போயிருப்பேன். முதலில் கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளினேன். அந்த ஆட்டம் தேதியைச் சட்டையே செய்யவில்லை. ஆடிய நிமிடங்களைத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. தேதியைத் திரும்ப மாற்ற மறந்ததன் பலன், மறுநாள் நான் அச்சடித்துக் கொடுத்த விடுப்பு விண்ணப்பத்தில் போன வருடத்துத் தேதி. மேலாளர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, “இந்த லீவு ஏற்கெனவே முடிஞ்சிருக்குமே சார்” என்றார். அடுத்து, ஆட்டத்தை அழித்துவிட்டு மறுபடி நிறுவிப் பார்த்தேன். திறந்ததும் என்னை அடையாளம் கண்டுகொண்டு, நேரம் முடிந்துவிட்டது, வாங்குகிறீர்களா என்று பணிவாகக் கேட்டது. பிறகு பிரவுசிங் சென்டர் பையன் ஒருவன் சொன்னதை நம்பி, விண்டோஸின் ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்கி, ஆட்டத்தின் பெயர்போலத் தெரிந்த ஒரு வரியை நீக்கினேன். ஆட்டம் திறக்கவில்லை. அதன் பிறகு பிரிண்டரும் வேலை செய்யவில்லை. வந்து சரிசெய்த தம்பி வாங்கிய சர்வீஸ் சார்ஜ் அந்த ஆட்டத்தின் விலையில் பாதி.

இனி என் அபிப்பிராயங்கள்.

கற்களை மூன்றாகச் சேர்க்கும் பெஜுவல்டு, எல்லாவற்றுக்கும் அம்மா. 2000-இல் ‘டயமண்ட் மைன்’ என்ற பெயரில் இணையப் பக்கத்திலேயே ஆடும் சிறு ஆட்டமாகத் தொடங்கி, பெயர் மாறி, 2001-இல் விலைக்கு இறக்கிக்கொள்ளும் ஆட்டமாக வந்தது. அதற்கும் முன்னோடி உண்டு. 1994-இலேயே ரஷ்யாவில் ஷாரிகி என்ற பெயரில் வண்ண உருண்டைகளை வைத்து இதே வேலையை ஒருவர் செய்துவிட்டார். பெஜுவல்டில் எட்டுக்கு எட்டுப் பலகை, ஏழு வகைக் கற்கள். பக்கத்துப் பக்கத்துக் கற்கள் இரண்டை இடம் மாற்றலாம். மாற்றினால் மூன்று சேர வேண்டும்; சேராவிட்டால் இரண்டும் ‘இது வேலைக்காகாது’ என்பதுபோலப் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

இந்த ஆட்டத்தின் சூட்சுமம் சேர்ப்பதில் இல்லை, விழுவதில் இருக்கிறது. மூன்று மறைந்ததும் மேலே உள்ளவை சரிந்து கீழே வரும், காலி இடத்தில் புதுக் கற்கள் விழும், விழுந்தவை தற்செயலாக இன்னொரு மூன்றாகச் சேரும், அதுவும் மறையும். ஒரு கல்லை நகர்த்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன், பலகை தானாக நாலைந்து முறை வெடித்து ஓய்கிறது, ஸ்கோர் எகிறுகிறது, ஒரு கனத்த குரல் என்னைப் பாராட்டுகிறது. நான் திட்டமிட்டது முதல் மூன்றை மட்டும். மற்றதெல்லாம் புவியீர்ப்பு. ஆனாலும் அந்தக் குரல் பாராட்டும்போது தலையை லேசாக அசைத்து ஏற்றுக்கொள்வேன். அலுவலகத்தில் மற்றவர்கள் செய்த வேலைக்கு வரும் பாராட்டையும் நான் அப்படித்தான் ஏற்றுக்கொள்கிறேன் என்று பின்னால்தான் உறைத்தது.

தோற்றதற்கு எனக்கு ஒரு கணிதச் சாக்கும் கிடைத்தது. 2014-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் மூவர், பெஜுவல்டு வகை ஆட்டங்கள் கணினியியலில் ‘என்பி-ஹார்டு’ எனப்படும் கடினப் பிரிவைச் சேர்ந்தவை என்று நிரூபித்தார்கள். அதே ஆண்டு, ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் பேராசிரியர் டோபி வால்ஷ், கேண்டி கிரஷ் ஆட்டத்துக்கும் அதையே நிரூபித்தார். எந்தப் பலகையைக் கொடுத்தாலும் சிறந்த விடையை விரைவாகச் சொல்லும் வழி கணினிக்கே இதுவரை தெரியாது என்பது இதன் சாரம். இதை வீட்டில் உரக்க வாசித்தேன். பொறியியல் படிக்கிற அண்ணன் மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சித்தப்பா, அது பலகை பெருசாகப் பெருசாக வர்ற கஷ்டம். உங்களுது எட்டுக்கு எட்டு. அதுவும் அவங்க எல்லாத்தையும் சேத்து சிறந்த ஆட்டம் எதுன்னு கேக்குறாங்க. நீங்க ரெண்டாவது லெவல்லதான நிக்கிறீங்க?” என்றான்.

அவன் அப்பா காலத்து ஃப்ரீசெல்லிலும் எனக்கு இப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. விண்டோஸோடு வந்த அந்தச் சீட்டாட்டத்தில் 32,000 கலைப்புகள். அவற்றில் 11982 என்ற எண்ணுள்ள கலைப்பு ஒன்றை மட்டும் யாராலும் முடிக்க முடியாது என்பது அந்த ஆட்டக்காரர்களிடையே பிரசித்தம். ஒவ்வொரு முறை மாட்டிக்கொள்ளும்போதும், ஆகா, இதுதான் அது என்று நிமிர்ந்து பார்ப்பேன். சாளரத்தின் தலைப்பில் வேறு எண் இருக்கும்.

கல் தவளை என்று சொன்னேனே, அது ஜூமா. 2003-இல் பாப்கேப் வெளியிட்டது. 1998-இல் ஜப்பானிலிருந்து வந்த பஸ் லூப் என்ற ஆர்கேட் ஆட்டத்தின் சாயல் அதில் அப்பட்டமாகத் தெரியும். வளைந்து வளைந்து போகும் பாதையில் வண்ணக் குண்டுகள் சங்கிலியாக உருண்டு வரும். பாதை முடிவில் தங்க மண்டை ஓடு வாயைத் திறந்துகொண்டிருக்கும். சங்கிலி அதற்குள் போய்விடாமல், நடுவில் உட்கார்ந்திருக்கும் தவளை குண்டு துப்பி, ஒரே நிறத்தில் மூன்று சேர்த்து உடைக்க வேண்டும். வாயில் இருக்கிற குண்டு வேண்டாமென்றால், மௌஸின் வலது பொத்தானை அழுத்தினால் அடுத்த குண்டு மாறி வரும். இந்த ஒரு விஷயத்தை என் ஒரு மணி நேரம் முடியப் போகும் தருவாயில், மௌஸ் பிடித்த விரல் தவறுதலாகப் பட்டபோதுதான் கண்டுபிடித்தேன். அதுவரை, மஞ்சள் வேண்டிய இடத்தில் நீலத்தை வேறு வழியில்லாமல் சுட்டுச் சுட்டு, உடைக்க வேண்டிய சங்கிலியை நானே நீளமாக்கிக்கொண்டிருந்தேன். தொடக்கத்திலேயே வழிமுறைகள் போட்டிருக்கிறார்கள். நிமிடம் ஓடுகிறதே என்று அதைத் தள்ளிவிட்டேன். சேமித்தது ஒரு நிமிடம்.

புக்வர்ம், அதே 2003. எழுத்துகள் அடுக்கிய பலகையில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவற்றைக் கோத்து ஆங்கிலச் சொல் அமைக்க வேண்டும். சின்னச் சொற்களாகவே போட்டுக்கொண்டிருந்தால் நெருப்புக் கட்டங்கள் வந்து விழும். அவை ஒவ்வொன்றாகக் கீழே எரித்துக்கொண்டு இறங்கும். அடியைத் தொட்டால் நூலகமே சாம்பல். நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். ‘மேற்படி விஷயத்தைத் தங்கள் மேலான பார்வைக்கு’ என்பதையெல்லாம் தூக்கத்தில்கூட ஆங்கிலத்தில் அடிப்பேன். பலகை முன்னால் உட்கார்ந்தால் கேட், ரேட், மேட் தவிர ஒன்றும் எழவில்லை. க்யூவும் யூவும் ஒட்டியே வருகிற கட்டம் ஒன்று உண்டு. நல்ல புள்ளிகள் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் விழித்தேன். நூலகம் எரிந்து முடிந்த பிறகு ‘க்விட்’ என்ற சொல் ஞாபகம் வந்தது.

பொருள் தேடும் ஆட்டங்களைப் பரவலாக்கியது பிக் ஃபிஷ்ஷின் மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ். அதன் முதல் ஆட்டம் ஹன்ட்ஸ்வில் 2005-இல் வந்தது. ஓர் அறை, அதில் நூறு தட்டுமுட்டுச் சாமான்கள், கீழே ஒரு பட்டியல். பட்டியலில் உள்ளதைக் கண்டுபிடித்துக் கிளிக் செய்ய வேண்டும். இதில் எனக்கு வந்த சிக்கல் பார்வைக் கோளாறு இல்லை. தேடுகிற சாமான் எப்படி இருக்கும் என்றே பல நேரம் தெரியாது. மேல்நாட்டு வீட்டுக் கூரையில் காற்றுத் திசை காட்டச் சேவல் உருவம் வைப்பார்களாம். சமையல் படம் மாட்டிய சுவரில் அந்தச் சேவல் நிற்கிறது. நான் அதைப் படத்தோடு சேர்ந்த கோழிக்கறி என்று விட்டுவிட்டேன். கடைசியில் திரையை இடமிருந்து வலமாகக் கிளிக் செய்துகொண்டே போனேன். இப்படி ஆட்கள் வருவார்கள் என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. தாறுமாறாகக் கிளிக்கினால் நேரத்தை வெட்டிவிடுகிறார்கள்.

மாஜாங் ஓடுகளை ஜோடி சேர்க்கும் ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்குக் கொஞ்சம் அடக்கம் வரும். இந்த ஒற்றை ஆள் ஆட்டத்தை 1981-இல் கணினிக்குக் கொண்டுவந்தவர் பிராடி லாக்கார்டு என்ற அமெரிக்கர். ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். வாயில் பிடித்த குச்சியால் விசைகளைத் தட்டி அந்த நிரலை எழுதினார். 1986-இல் அது ஷாங்காய் என்ற பெயரில் கடைக்கு வந்தது. அப்படிப் பிறந்த ஆட்டத்தை ஆடிவிட்டு மணிக்கட்டு வலிக்கிறது என்று தைலம் கேட்டவன் நான்.

144 ஓடுகள், ஆமை வடிவ அடுக்கு. மேலே எதுவும் ஏறி உட்காராமல், இடது அல்லது வலது பக்கம் காலியாக இருக்கிற ஓட்டைத்தான் எடுக்கலாம். ஒரே மாதிரி இரண்டு கிடைத்தால் சேர்த்து நீக்கலாம். என் உத்தி எளியது: கண்ணில் பட்டதை உடனே எடுப்பது. கடகடவென்று பாதி ஆமை கரையும். பிறகு ஒரே மாதிரி ஓடுகள் இரண்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொண்டு என்னைப் பார்க்கும். காதுகுத்துக்கு வந்து எங்களோடு தங்கியிருந்த அத்தை, பின்னால் நின்று இதைச் சில நாள் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் ஆனதால் மருமகனிடம் நேரடியாகக் குறை சொல்ல மாட்டார். ஒருநாள் தாங்கவில்லை போலிருக்கிறது.

“மாப்பிள்ளை, ஆம்புட்டதையெல்லாம் எடுக்காதீக. எது எதை அமுக்கிக்கிட்டுக் கெடக்குன்னு பாத்து எடுங்க.”

நாற்காலியை விட்டுக்கொடுத்தேன். அவர் மௌஸைத் தொடவில்லை. விரலால் காட்டினார், நான் கிளிக் செய்தேன். முதலில் உச்சியில் இருக்கிற ஒற்றை ஓடு. அதன் கீழே நான்கு ஓடுகள் மாட்டிக்கொண்டிருந்தன. பிறகு நீள வரிசைகளின் இரு முனைகள். ஒரே மாதிரி மூன்று திறந்து கிடந்தால், எந்த இரண்டை எடுத்தால் அதிகம் விடுபடும் என்று யோசித்து, மூன்றாவதை விட்டுவைத்தார். எழுத்து, எண், சீனம், ஆங்கிலம் எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை. பலகை துடைத்துவிட்டாற்போல் காலியானபோது, “அம்புட்டுத்தானா?” என்று எழுந்து போய்விட்டார். மீதி நிமிடங்களை வைத்து நான் அவர் உத்தியில் தனியாக ஆடித் தோற்றேன்.

இதற்கெல்லாம் நேர் எதிர் பெகில். 2007. ஜப்பானின் பச்சிங்கோ வம்சம். மேலிருந்து பந்து விழும். ஆணிகளில் பட்டுத் தெறிக்கும். ஆரஞ்சு நிற ஆணிகள் 25-ஐயும் அடிக்க வேண்டும். கையில் 10 பந்து. குறி பார்ப்பது முதல் தொடுதல் வரைதான் செல்லும். பிறகு பந்து இஷ்டத்துக்குப் போகும். கடைசி ஆரஞ்சை நெருங்கும்போது காட்சி மெதுவாகி, பெரிதாகி, முரசு உருளத் தொடங்கும். பட்டுவிட்டால் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்ஃபனி முழங்க, திரையெங்கும் வாணவேடிக்கை. உலகத்தில் இவ்வளவு சின்னக் காரியத்துக்கு இவ்வளவு பெரிய கொண்டாட்டம் வேறெங்கும் கிடையாது. ஓடிப்போய் மனைவியை இழுத்து வந்து காட்டினேன். பார்த்துவிட்டு, “நீங்க எங்கங்க குறி வெச்சீங்க?” என்று கேட்டாள். நான் குறி வைத்தது இடது மூலை. பட்டது வலது மூலை.

2011-இல் பாப்கேப்பை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் பெரும் தொகை கொடுத்து வாங்கியது. அந்தக் கம்பெனியை அந்த மதிப்புக்கு வளர்த்ததில் என் பங்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

அதற்குள் ஆட்டம் கணினியிலிருந்து கைப்பேசிக்கு நகர்ந்துகொண்டிருந்தது. இப்போது விலையே இல்லை. எல்லாம் இலவசம், நேரக் கட்டுப்பாடும் கிடையாது. என்னைப் போன்றவனுக்காகவே தர்மப் பிரபு யாரோ ஏற்படுத்தியது என்று நம்பி இறங்கினேன். பெயர் வேண்டாம், எல்லாமே ஒரே அச்சுதான். சில உயிர்கள் தருவார்கள். தோற்றால் ஒன்று போகும். எல்லாம் போனால் காத்திருக்க வேண்டும். ஆனால் கஷ்டப்படுத்துவது காத்திருப்பு அல்ல. இன்னும் ஒரே ஒரு கல் உடைந்தால் லெவல் முடியும் என்கிற இடத்தில் நகர்வுகள் தீர்ந்துபோகும். உடனே ஒரு பெட்டி திறக்கும்: இன்னும் 5 நகர்வு வேண்டுமா? ஒரு டீ, வடைக் காசுதான். பொத்தானை அழுத்தினால் போதும்.

20 டாலரைக் கண்டு பல வருடம் ஓடிய நான், இந்தப் பொத்தானை அழுத்தினேன். வாங்கிய ஐந்து நகர்வில் அந்த ஒரு கல் உடையவில்லை. அவ்வளவு கொடுத்துவிட்டுத் தோற்பதா என்று மறுபடி அழுத்தினேன். ரசீதுகள் மின்னஞ்சலுக்குப் போயின. அந்த மின்னஞ்சல் மனைவியின் கைப்பேசியிலும் திறந்திருக்கும் என்பது எனக்கு நினைவில் இல்லை. “இந்த மாசம் எத்தனை தடவைங்க ரீசார்ஜ் பண்ணுவீங்க?” என்று அவள் கேட்டதில் கேள்வி எதுவும் இல்லை. உட்கார்ந்து கூட்டிப் பார்த்தாள். அந்தக் காசுக்கு ஒரு ஜூமா, ஒரு பெகில், சில்லறையாக ஒரு புக்வர்மும் வாங்கியிருக்கலாம். வாங்கியிருந்தால் அவை இன்றும் என்னிடம் இருக்கும். ஐந்து நகர்வுகள் ஐந்து நொடியில் போய்விட்டன.

விலை இவ்வளவு என்று வாசலிலேயே எழுதி வைத்தவனிடம் நான் தேதியை மாற்றிப் பித்தலாட்டம் செய்தேன். விலையே கிடையாது என்று சொன்னவனிடம் பர்ஸைத் திறந்து வைத்தேன். பழைய ஆட்டத்துக்கு நான் முதல் மணி நேரத்திலேயே சலிக்காமல் இருந்தால்தான் காசு. புதியதற்கு நான் எந்த இடத்தில் எரிச்சலாவேன் என்று தெரிந்தால் போதும். முன்னது என் சந்தோஷத்தை விற்றது. பின்னது என் ஆத்திரத்தை. எதற்கு நான் சுலபமாகக் காசு கொடுக்கிறேன் என்பதில் என்னைப் பற்றிய உண்மை ஒன்று இருக்கிறது. அதை மேலும் நோண்ட விரும்பவில்லை.

பரிகாரம் செய்யலாம் என்று ஸ்டீம் தளத்தில் தேடினேன். அந்தப் பழைய ஆட்டங்களில் சில அப்போதும் விற்பனையில் இருந்தன. பெகிலை வாங்கி, எந்தக் கடிகாரமும் ஓடாமல், இரண்டாவது மணி நேரத்துக்குள் நுழைந்தேன். இத்தனை வருடம் என்னிடமிருந்து மறைத்து வைத்த பொக்கிஷம் எதுவும் அங்கே இல்லை. அதே ஆணி, அதே பந்து; பலகை கொஞ்சம் சிக்கலானது; நான் அதே இடத்தில்தான் இருந்தேன். நல்லதையெல்லாம் அவர்கள் முதல் மணி நேரத்திலேயே தந்துவிட்டிருக்கிறார்கள். வாசலில் நிற்பவனுக்கு வீட்டிலேயே சிறந்த அறையைத் திறந்து காட்டியிருக்கிறார்கள். அந்த 20 டாலர், மீதி ஆட்டத்துக்காக நான் கொடுக்க வேண்டிய விலை அல்ல. ஏற்கெனவே ஆடி முடித்த மணி நேரத்துக்கான பாக்கி.

பாக்கியைத் தீர்த்துவிட்டேன் என்று நிம்மதியாகச் சொல்லிக்கொள்ளலாம்தான். ஆனால் ஆண்டுத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து, கால் விலைக்குத்தான் வாங்கினேன்.